பனி வேண்டாம், இருபது சென்ட் போதும்

ஓசூரில் ஐஸ் ஹாக்கி ஆடும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டால், இல்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஓசூர் கிடக்கட்டும், தமிழ்நாட்டிலேயே அந்த ஆட்டத்துக்கான முழு அளவுப் பனித்தளம் கிடையாது. பக்கத்திலிருக்கும் தளிக்கு ‘லிட்டில் இங்கிலாந்து’ என்று பட்டப்பெயர் உண்டு. மார்கழி விடியலில் புல் நுனி வெளுத்திருப்பதும் உண்டு. அதற்கு மேல் பனிக்கும் இந்த மண்ணுக்கும் உறவில்லை.

ஆனால் 2025-இல் நடந்த இரண்டு விஷயங்கள் கேள்வியை அப்படிச் சட்டென மூடவிடவில்லை. அந்த ஆண்டு ஜனவரியில் லே நகரில் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டின் முதல் கட்டம் நடந்தது. பதக்கப் பட்டியலில் முதலிடம் சொந்த ஊரான லடாக்குக்கு. அடுத்த இடத்தில் நின்றது, பனி பெய்து பார்த்திராத தமிழ்நாடு! தங்கங்கள் ஐஸ் ஸ்கேட்டிங்கில் வந்தவை. மே இறுதியில் தொடங்கி ஜூனில் முடிந்த பெண்கள் ஆசியக் கோப்பை ஐஸ் ஹாக்கிப் போட்டி ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடந்தது. அதில் இந்தியப் பெண்கள் அணி வெண்கலம் வென்றது. பாலைவன ஊரில் தளம், இமயமலைப் பெண்கள், வெண்கலப் பதக்கம். ஒரு விளையாட்டு எங்கே வேர் பிடிக்கும் என்பதை வானிலை மட்டும் முடிவு செய்வதில்லை என்பதற்கு இந்த இரண்டும் போதுமான சான்று. அப்படியானால் வேறெது முடிவு செய்கிறது? ஓசூர், சூளகிரி, பர்கூர், கிருஷ்ணகிரி என்று நீளும் இந்தத் தொழிற்பட்டையில் வளரும் பெண் பிள்ளைகளை வைத்து அதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

லடாக்கிலிருந்து தொடங்குவதே முறை. அங்கே ஐஸ் ஹாக்கியைப் பரப்பியதில் இராணுவத்துக்குப் பெரிய பங்கு. இராணுவ பூட்ஸின் அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்தி ஸ்கேட்ஸ் ஆக்கிக்கொண்ட ஆரம்பகால ஆட்டக்காரர்களின் கதையை இன்றும் சொல்கிறார்கள். லேயின் கர்ஸூ குளம் டிசம்பரில் உறையும்; பிப்ரவரி முடிவதற்குள் இளகிவிடும். ஆண்டில் இரண்டு மாதம்தான் பயிற்சி. மீதிப் பத்து மாதம் ஓட்டமும் உடற்பயிற்சியும்தான். இந்திய ஐஸ் ஹாக்கி சங்கம் 1989-இல் உலகக் கூட்டமைப்பில் உறுப்பினரானது. ஆண்கள் அணி முதன்முதலாக நாட்டுக்கு வெளியே ஆடியது 2009-இல். பெண்கள் அதற்கும் ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

2016-இல் தைபேயில் நடந்த ஆசிய சவால் கோப்பைதான் பெண்கள் அணியின் முதல் பன்னாட்டுப் போட்டி. குளத்துப் பனியில் ஆடிப் பழகியவர்கள், கூரை போட்ட, சுற்றிலும் தடுப்புப் பலகை வைத்த தளத்தில் திணறினார்கள். பலகையில் மோதித் திரும்பும் ‘பக்’ என்ற வட்டை எப்படி எடுப்பது என்று குளம் சொல்லிக்கொடுக்காது. எல்லா ஆட்டங்களிலும் தோல்வி. மறு ஆண்டு பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வீழ்த்தினார்கள். அதுதான் முதல் வெற்றி. அந்தப் பயணங்களுக்கு அரசுப் பணம் போதவில்லை. பொதுமக்களிடம் இணையவழி நன்கொடை திரட்டித்தான் போய் வந்தார்கள். கோல்கீப்பர் நூர் ஜஹானும் தலைவி செவாங் சுஸ்கித்தும் அந்தத் தலைமுறையின் அறியப்பட்ட முகங்கள். ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்ற கனடாவின் ஹேலி விக்கன்ஹெய்சர் 2018 ஜனவரியில் லடாக்குக்கே வந்து இந்தப் பெண்களோடு ஆடினார்.

இதில் நமக்கு வேண்டிய பாடம் வீரக்கதையைவிட நடைமுறை சார்ந்தது. லடாக்கில் பெண் பிள்ளைகள் பனிக்குப் பஞ்சப்படவில்லை. அவர்களுக்கு எட்டாமல் இருந்தவை தளத்தில் நேரமும், சொந்த ஸ்கேட்ஸும், வீட்டாரின் சம்மதமும். அந்தச் சம்மதத்தைச் சுலபமாக்கியதில் சீருடை வேலைக்குப் பங்கு உண்டு. இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை விளையாட்டு ஒதுக்கீட்டில் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியையே அமைத்தது. ‘பொம்பளப் புள்ளைக்கு மட்டை எதுக்கு’ என்று கேட்கும் வீடு லடாக்கிலும் உண்டு, நம் அஞ்செட்டியிலும் உண்டு. மாதச் சம்பளம் வந்தால் இரண்டு ஊரிலும் அந்தக் கேள்வி தணிந்துவிடும்.

இனி பனித்தளத்தின் கணக்கு. முழு அளவுத் தளம் 60 மீட்டர் நீளம், அகலம் 26 முதல் 30 மீட்டர். நம் ஊர்க் கணக்கில் அதிகபட்சம் நாற்பத்து நான்கரை சென்ட். காங்கிரீட் தரைக்குள் குழாய் வலை ஓடும். உறைநிலைக்குக் கீழே குளிர்வித்த கரைசல் அதில் ஓயாமல் சுற்றிவரும். மேலே தண்ணீரை மெல்லிய படலம் படலமாகத் தெளித்து உறையவிட்டு மூன்று சென்டிமீட்டர் அளவுக்குப் பனி எழுப்புவார்கள். மின்சாரம் இரவு பகல் பாராது. ஒரு வாரம் நிறுத்தினால் மிஞ்சுவது நனைந்த காங்கிரீட்.

இந்தச் செலவு என்ன செய்யும் என்பதற்கு டேராடூன் கண்முன் இருக்கிறது. தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக 2011-இல் அங்கே பன்னாட்டுத் தரத்தில் தளம் கட்டினார்கள். போட்டி முடிந்தது; தளத்தை ஓட்டும் செலவு யார் தலையிலும் ஏறவில்லை; பல ஆண்டு பூட்டிக் கிடந்தது. மீண்டும் பெரிய போட்டி ஒன்றைப் பார்த்தது 2025 ஆகஸ்டில், ஆசிய ஷார்ட் ட்ராக் ஸ்கேட்டிங்கின்போதுதான். தேர்தல் அறிக்கையில் ஐஸ் ரிங்க் என்று யாராவது எழுதினால் டேராடூனை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு எழுதட்டும். சிம்லாவில் 1920-இல் தொடங்கிய தளம் இன்றும் ஓடுகிறது என்றால், அங்கே குளிர்விப்பதை இயற்கையே இலவசமாகச் செய்து தந்ததுதான் காரணம்.

குளிரூட்டும் தொழில்நுட்பம் ஓசூருக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் ரோஜாக்கள் பறித்த சிறிது நேரத்தில் குளிர் அறைக்குள் போய்விடுகின்றன. மின்னணு ஆலைகளில் வெப்பமும் ஈரப்பதமும் குறித்த அளவைத் தாண்டாமல் காக்கப்படுகின்றன. பூவுக்கும் கைப்பேசி உதிரிக்கும் இவ்வளவு அக்கறை காட்டத் தெரிந்த ஊர் இது. இருந்தும், ஓசூரில் ஐஸ் ரிங்க் கட்டச் சொல்லி வாதாட மாட்டேன். ஒரே ஒரு தளத்துக்கு ஆகும் மின்கட்டணத்தில் எத்தனையோ பள்ளி மைதானங்களுக்கு விளக்குப் போட்டுவிடலாம்.

அப்படியென்றால் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் லேயில் தங்கம் எடுத்தது எப்படி? சக்கரத்தில் கற்றுக்கொண்டுதான். ரோலர் ஸ்கேட்டிங்கில் இந்த மாநிலம் ஏற்கெனவே நாட்டின் முன்வரிசை. ஹாங்சோ ஆசிய விளையாட்டில், 2023 அக்டோபரில், பெண்கள் 3,000 மீட்டர் தொடர் ஸ்கேட்டிங்கில் வெண்கலம் வென்ற நால்வரில் ஆரத்தி கஸ்தூரி ராஜும் கார்த்திகா ஜெகதீஸ்வரனும் தமிழ்நாட்டுக்காரர்கள். 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தாய்ஹேவில் சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார் 1,000 மீட்டரிலும் மாரத்தானிலும் உலக சாம்பியன் ஆனார். இன்லைன் ஸ்கேட்ஸில் ஒரே கோட்டில் நிற்கும் நான்கைந்து சக்கரங்களும், பனி ஸ்கேட்ஸில் இருக்கும் ஒற்றைத் தகடும் உடலிடம் கேட்பது கிட்டத்தட்ட ஒரே சமநிலையைத்தான். முழங்காலை மடித்து, இடுப்பைத் தாழ்த்தி, பக்கவாட்டில் உந்தித் தள்ளும் அந்த அசைவு காலில் ஊறிவிட்டால் பனிக்கு மாறுவது சில வாரப் பழக்கம். நிறுத்துவதை மட்டும் புதிதாகக் கற்க வேண்டும்.

ஐஸ் ஹாக்கிக்கும் இதே குறுக்கு வழி உண்டு. இன்லைன் ஹாக்கி என்பது பனியைக் கழித்துவிட்ட ஐஸ் ஹாக்கி: கிட்டத்தட்ட அதே பக், அதே நீண்ட மட்டை, தரை மட்டும் வழுவழுப்பான சிமென்ட் அல்லது பிளாஸ்டிக் ஓடு. ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பரோடு ஆறு பேர், இதில் ஐந்து பேர். ரோலர் ஹாக்கி இன்னொரு வகை; இரட்டை வரிசைச் சக்கரம், பந்து, வளைந்த குட்டை மட்டை, 40-க்கு 20 மீட்டர் தளம். இரண்டுக்கும் இந்தியாவில் தேசியப் போட்டிகள் நடக்கின்றன. நாற்பதுக்கு இருபது மீட்டர் என்றால் இருபது சென்ட்டுக்கும் சற்றுக் குறைவு. ஓசூரின் புது மனைப்பிரிவுகளில் முள் மண்டிக் கிடக்கும் பூங்கா இடங்களில் பல இதைவிடப் பெரியவை.

ஸ்கேட்டிங் ஓசூருக்குப் புதிது என்றும் சொல்வதற்கில்லை. ஹெல்மெட்டும் முழங்கால் கவசமும் மாட்டிய சிறு பிள்ளைகள் அடுக்ககச் சாலைகளில் வரிசையாக உருண்டு போவதை ஞாயிறு காலையில் யாரும் பார்க்கலாம். ஆனால் அந்த வரிசையில் இருப்பவர்கள் யார்? வகுப்புக் கட்டணமும் ஸ்கேட்ஸ் விலையும் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைகள். கால் வளர வளர ஸ்கேட்ஸும் மாற்ற வேண்டும். ஆறேழு வயதில் பையனும் பெண்ணும் சரிபாதியாக இருக்கும் வரிசை, பன்னிரண்டு வயதுக்கு மேல் பையன்கள் வரிசையாகிவிடுகிறது. அரசுப் பள்ளிப் பெண் பிள்ளை இந்த வரிசையில் எந்த வயதிலும் இல்லை.

ஹாக்கி என்றாலே நம் ஊரில் புல்தரை ஹாக்கிதானே, அதைப் பேசலாமே என்பவர்களுக்கும் வருகிறேன். பேசத்தான் வேண்டும், ஏனென்றால் இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. இந்திய ஹாக்கி அணிகளின் பயிற்சி முகாம் பெரும்பாலும் இந்திய விளையாட்டு ஆணையத்தின் (சாய்) பெங்களூரு மையத்தில்தான். ஓசூரிலிருந்து காரில் போனால் இரண்டு மணி நேரத்துக்குள். அறுபதுகளில் பெண்கள் ஹாக்கியைக் கோலோச்சிய அணி அன்றைய மைசூர் மாநில அணி. எல்வேரா, ரீட்டா, மே என்ற பிரிட்டோ சகோதரிகள் மூவர் அதன் முதுகெலும்பு. எல்வேரா 1965-இல் அர்ஜுனா விருது பெற்றவர். மாநில எல்லையிலுள்ள அத்திப்பள்ளிச் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் இவ்வளவு நடந்திருக்கிறது. நம் தொழிலாளிகளும் காய்கறியும் பூவும் தினமும் தாண்டும் எல்லையை மட்டை மட்டும் தாண்டவில்லை.

அதைவிடப் பெரிய விசித்திரம் எல்லைக்கு இந்தப் பக்கமே இருக்கிறது. 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், ஓசூர் அருகே அமையும் ஐபோன் தொழிற்சாலை 60,000 பேருக்கு வேலை தரும், அதில் முதல் 6,000 பேர் ஜார்க்கண்டின் ராஞ்சி, ஹசாரிபாக் சுற்றுவட்டாரத்துப் பழங்குடிப் பெண்கள் என்று சொன்னார். ஜார்க்கண்டுப் பெண்கள் அதற்கு முன்பே இங்கே வரத் தொடங்கியிருந்தார்கள். அந்த மாநிலம் எது? இந்தியப் பெண்கள் ஹாக்கியின் நாற்றங்கால். குந்தி மாவட்டத்து நிக்கி பிரதான் 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் ஆடினார். சிம்டேகா மாவட்டத்து சலீமா டேடே 2018 இளையோர் ஒலிம்பிக்கில் ஐவர் ஹாக்கி அணிக்குத் தலைமையேற்று வெள்ளி வென்றார். 2024-இல் நாட்டு அணிக்கே தலைவியானார். அந்தக் கிராமங்களில் ஜெயிக்கும் அணிக்கு ஆட்டுக்கிடாயைப் பரிசாகத் தரும் ஹாக்கிப் போட்டிகள் பெண்களுக்கும் உண்டு. மூங்கில் மட்டையோடு வெறுங்காலில் ஆடிப் பழகிய எத்தனையோ பேர் வளர்ந்து வேலைக்குப் போகும் மண் அது. அவர்களில் சிலராவது ஓசூர் விடுதிகளில் ஷிப்ட் முடிந்து படுத்திருக்கக்கூடும். ஆலை வாசலில் அவர்களிடம் படிப்பைக் கேட்டிருப்பார்கள், உயரத்தைக் கேட்டிருப்பார்கள். ஹாக்கி ஆடுவாயா என்று கேட்டிருக்க மாட்டார்கள். இந்த ஊருக்குத் தேவைப்படும் பெண் பயிற்சியாளர்கள் ஏற்கெனவே பஸ் ஏறி வந்துவிட்டார்கள் என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

உள்ளூர்ப் பெண் பிள்ளைகளின் நிலைக்கு வருவோம். கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்தது. பெண் சிசுக்கொலைக்குப் பெயர் கெட்டு, 2001-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் நீட்டிக்கப்பட்ட அதே பழைய தருமபுரி. 2011 கணக்கெடுப்பில் கிருஷ்ணகிரியில் ஆயிரம் ஆண்களுக்கு 958 பெண்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைக் கிராமங்களில் குழந்தைத் திருமணம் இன்னும் செய்தியாகிக்கொண்டிருக்கிறது. எட்டாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் நடுவில்தான் ஒரு விளையாட்டு வீராங்கனை உருவாக வேண்டும். அதே ஆண்டுகளில்தான் வீடு அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிக்கிறது.

இது பெரிய தடை. அன்றாடத் தடைகள் சிறியவை, ஆனால் எண்ணிக்கையில் அதிகம். பி.டி. பீரியட் என்று அட்டவணையில் இருக்கும்; பத்தாம் வகுப்பில் அது கணக்கு டீச்சருடையது. பெண் உடற்கல்வி ஆசிரியர் இல்லாத பள்ளியில் மாதவிடாய் நாளைச் சொல்லி ஒதுங்க ஆள் கிடையாது. டி-ஷர்ட்டும் ட்ராக் பேன்ட்டும் மாற்றிக்கொள்ள அறை கிடையாது. சாயந்திரம் மைதானம் திறந்திருந்தாலும் அதில் பையன்களின் கிரிக்கெட். கடைசி டவுன் பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லாத கிராமங்கள் நிறைய. ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைச் சாலைகளில் இன்னொன்றும் உண்டு: குளிர்காலத்தில் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் இறங்கிவிட்டால் பொழுது சாய்வதற்குள் வீடு சேர வேண்டும். ஆறு மணிக்குப் பயிற்சி முடியும் என்பது சென்னையில் சாதாரண வாக்கியம். இங்கே அதில் யானையும் இருக்கிறது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. முதலமைச்சர் கோப்பைப் போட்டி மாவட்ட அளவிலிருந்து பள்ளிப் பிள்ளைகளை இழுக்கிறது. 2024 பிப்ரவரியில் திருச்சியில் தொடங்கிய டாக்டர் கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டம் 12,000-க்கு மேற்பட்ட ஊராட்சிகளுக்கு 33 வகைப் பொருட்களைக் கொண்டு சேர்க்க முனைந்தது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடும் இருக்கிறது. ஆனால் பை நிறையப் பந்தும் மட்டையும் வந்து இறங்கினால் அதை யார் கையில் முதலில் எடுப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பெண் பிள்ளைக்கு என்று ஒரு மணி நேரத்தை எழுதி வைக்காத வரை, பொது என்று தருவதெல்லாம் பையன்களுக்குத்தான் போகும். லடாக்கின் குளத்தில் நடந்ததும் வேறில்லை.

கனடாவைச் சொல்லி ஏங்குவது நம் வழக்கம். அங்கே பதிவு செய்து ஐஸ் ஹாக்கி ஆடும் பெண்களும் சிறுமிகளும் ஒரு லட்சத்துக்கு மேல். ஆனால் பெண்கள் ஆட்டம் ஒலிம்பிக்கில் நுழைந்தது 1998 நாகானோவில்தான். அமெரிக்க, கனடிய நகரங்களைச் சேர்த்த தொழில்முறைப் பெண்கள் லீக் தன் முதல் ஆட்டத்தை ஆடியது 2024 ஜனவரி 1-இல். அங்கேயும் ஆண்கள் ஆடி முடித்த பிறகு மிஞ்சிய நேரம் பெண்களுக்கு என்பதே பல பத்தாண்டுகள் வழக்கமாக இருந்தது. பணக்கார நாடு என்பதால் நேரம் தானாக வந்து சேரவில்லை. கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

இந்தப் பட்டையில் பணம் இல்லையா? 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது முதல் ஓசூரின் கதையே பணத்தின் கதைதான். லாரி, மொபெட், கைக்கடிகாரம் என்று தொடங்கி மின் ஸ்கூட்டர், கைப்பேசி வரை வந்தாயிற்று. 2019-இல் மாநகராட்சியும் ஆயிற்று. பெண்களின் விரல் நுணுக்கத்தை நம்பியே ஆலைகள் வந்தன. 2021 செப்டம்பரில் ஓலா நிறுவனம், போச்சம்பள்ளி அருகேயுள்ள தன் ஆலையை 10,000 பெண்களே நடத்துவார்கள் என்று அறிவித்தது. பதினெட்டு வயதுப் பெண்ணை வரவேற்கப் பேருந்தும் விடுதியும் உணவகமும் தயாராக இருக்கின்றன. அவளுடைய பதின்மூன்றாவது வயதுக்கு இந்தத் தொழில் உலகம் எதையும் தயாராக வைக்கவில்லை.

2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. கிராமிய விளையாட்டு, ஒலிம்பிக் விளையாட்டுப் பயிற்சி ஆகியவை அந்தப் பட்டியலிலேயே பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டவை. இங்கே அந்தப் பணம் வகுப்பறையாகவும் குடிநீர்த் தொட்டியாகவும் நிறைய வந்திருக்கிறது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் விளையாட்டு என்றதும் ஒருநாள் மாரத்தான் ஓட்டி, டி-ஷர்ட் கொடுத்து, படம் எடுத்துக்கொள்வதோடு பல நிறுவனங்களின் ஆர்வம் முடிந்துவிடுகிறது.

என் முடிவு இது. ஓசூருக்கு ஐஸ் ஹாக்கி வேண்டும் என்றால் முதலில் சிமென்ட் தளம் வேண்டும். இருபது சென்ட்டில் வழுவழுப்பாகப் பூசிய தரை, சுற்றி இடுப்பளவுப் பலகை, நான்கு விளக்குக் கம்பம், ஒரு கழிப்பறை, உடை மாற்ற ஓர் அறை. அதே தரையில் மட்டையைப் பிடித்தும் ஆடலாம், சக்கரம் மாட்டியும் ஆடலாம். ஸ்கேட்ஸ் பள்ளியின் சொத்தாக இருக்கட்டும். நூலகப் புத்தகம் போல அளவு பார்த்து எடுத்து, ஆடி முடித்துத் திருப்பி வைக்கட்டும். அதில் தேறும் பத்துப் பேரை டிசம்பரில் லேக்கு அனுப்ப ரயில், விமானச் செலவு ஒரு நடுத்தர நிறுவனத்துக்குப் பெரிய தொகை அல்ல. பெரிய மனைப்பிரிவுகளில் 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும் என்று விதியே இருக்கும்போது, இடம் இல்லை என்ற பதிலை மாநகராட்சி சொல்ல முடியாது.

ஷிப்ட் பேருந்துகள் சாயந்திரம் ஆலை நோக்கிப் போகும்போது பல இருக்கைகள் காலி. அந்தப் பேருந்துகளில் ஒன்றிரண்டை அரை மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு விட்டால் கடைசி பஸ் பிரச்சினையில் பாதி தீரும். விடுதிகளில் இருக்கும் ஜார்க்கண்டுப் பெண்களில் மட்டை பிடித்தவர் யார் என்று ஒரு கணக்கு எடுங்கள். வாரத்தில் இரண்டு மாலை அவர்களுக்குச் சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்துப் பயிற்சியாளர் ஆக்குங்கள். மொழி தடையாக இருக்காது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே தெருவில் பேசும் ஊர், அவர்களுடைய சாதரியும் முண்டாரியும் கொஞ்சம் கற்றுக்கொள்ளும்.

சிப்காட் அதிகாரிகளும் மாநகராட்சி உறுப்பினர்களும் இதைப் படிப்பார்களோ மாட்டார்களோ. ஆலைகளில் மனிதவளப் பொறுப்பில் இருப்பவர்கள் இப்பத்திரிகையைப் படிக்கிறார்கள் என்று அறிவேன். அடுத்த நிதியாண்டுச் சமூகப் பணித் திட்டம் தயாரிக்கும்போது ஒரு வரி சேருங்கள்: பெண் பிள்ளைகளுக்கு மட்டும், தினமும் மாலை 4.30 முதல் 6 வரை, ஒரு தளம்.